செப்டம்பரிலேயே ஆளைக் கூப்பிட்டுவிடு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். வீடு வந்து சேர்ந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குத் தூக்கம் இன்னும் சரிப்படவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காபி போடுகிறாள். இங்கே மாசியிலேயே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. போனில் பேசலாம் என்றால் குட்டி போனைப் பிடுங்கிக்கொள்கிறான், நீயும் வேலை அவசரத்தில் இருக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

ஜனவரி மாதத்து அந்த ராத்திரி இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கனடாவில் உங்கள் பிராம்ப்டனில் அன்று மைனஸ் 22 டிகிரி. குட்டி கம்பளியைச் சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து படுத்தான், கால் ஐஸ் மாதிரி இருந்தது. தரையில் இருக்கும் காற்றுத் துவாரத்தில் கை வைத்தேன். காற்று வருகிறது, சூடு இல்லை. நான் 34 வருஷம் சென்னையில் ஏசி வேலை பார்த்தவன். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை அதுவரை தொட்டதில்லை. ஆனாலும் காற்று வந்து சூடு வரவில்லை என்றதுமே எனக்குச் சந்தேகம் ஃபில்டர் மேல்தான். பேஸ்மென்டுக்கு இறங்கி அதை உருவினால், சாம்பல் நிறத்தில் பழைய மெத்தைப் பஞ்சு மாதிரி விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நம் ஊர் ஏசியில் ஃபில்டர் அடைத்தால் காயிலில் ஐஸ் கட்டும். அங்கே அடைத்தால், சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்று இல்லாமல் ஃபர்னஸ் உள்ளேயே கொதிக்கும். சூடு அளவு மீறினால் லிமிட் சுவிட்ச் என்ற பாதுகாப்பு சுவிட்ச் நெருப்பை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடும். மாற்றுவதற்கு வீட்டில் வேறு ஃபில்டர் இல்லை. அன்று ராத்திரி மட்டும் ஃபில்டர் இல்லாமலே ஓட்டினோம். பதினைந்து நிமிஷத்தில் சூடு வந்தது.

மெஷின் பழுதே இல்லை, செல்வி. ஆனால் அதே நேரத்தில் ஒரு பாகம் உடைந்திருந்தால் அந்தக் குளிரில் எந்த ஆள் வருவான்? மெஷின் மிக அதிகம் உழைக்கும் நாளில்தான் நின்றுபோகும். சென்னையில் கத்திரி வெயிலில் எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது போன் வரும். ஆறு வீட்டுக்குத்தான் போக முடியும். தை மாதத்தில் கூப்பிட்ட வீட்டில் நிதானமாக உட்கார்ந்து காயில், கப்பாசிட்டர், வயர் முனை எல்லாம் பார்ப்பேன். மே மாதத்தில் கூப்பிட்டவர்களுக்கு ஓடவைத்துவிட்டு ஓடிவருவேன். உங்கள் ஊரில் அந்த மே மாதம் நவம்பர். ஆகவே ஃபர்னஸுக்குச் செப்டம்பரில் ஆள் சொல்லிவிடு. உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் கேஸ் வேலைக்கு டிஎஸ்எஸ்ஏ என்ற பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் உள்ளவர்தான் கை வைக்கலாம், அட்டையைக் கேட்டுப் பார். வந்தவர் பர்னரைக் கழற்றிப் பார்க்கிறாரா, நெருப்பு எரிகிறதா என்று அறியும் ஃபிளேம் சென்சாரைத் துடைக்கிறாரா, நெருப்பின் சூட்டைக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறாரா, பக்கத்தில் நின்று கவனி. நெருப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடினால் விடாதே.

விரிசலைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதன் வழியே கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் கசியலாம், அதற்கு வாசனை கிடையாது. 2008 டிசம்பரில் உங்கள் மாகாணத்திலேயே வுட்ஸ்டாக் என்ற ஊரில், கேஸ் கணப்பின் புகைபோக்கி அடைத்துப்போய் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே போய்விட்டது. அந்த வாயு வந்தால் கத்தும் அலாரம் வீட்டில் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே 2013இல் சட்டம் கொண்டுவந்து, படுக்கையறைப் பக்கம் அலாரம் கட்டாயம் என்றார்கள். உன் வீட்டு மாடியில் இருக்கும் அலாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். காலாவதித் தேதி போட்டிருக்கிறது, இந்த வருஷம் முடிகிறது. விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதே. இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்று செய்வதென்றால் அதை முதலில் செய். பேஸ்மென்டிலும் ஒன்று மாட்டு.

பக்கச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்கள் ஃபர்னஸின் மூக்கு. பனி கொட்டிய மறுநாள் காலை வாசலைத் தள்ளும்போதே அங்கேயும் ஒரு தடவை துடைப்பம் போடு.

குட்டிக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? டாக்டரும் வறண்ட காற்றுதான் என்றார். ஃபர்னஸோடு ஒட்டியிருக்கும், காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரைத் திறந்தால், உள்ளே தண்ணீர் ஊறும் பேட், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு பிடித்த மாதிரி கல்லாகிக் கிடந்தது. வருஷத்துக்கு ஒரு பேட் போதும், அக்டோபரில் மாற்று. தண்ணீர்க் குழாயைத் திறந்து, பக்கத்துத் தகட்டை ‘விண்டர்’ பக்கம் திருப்பு. மே மாதம் இரண்டையும் மூடு. ஈரப்பதம் 30, 35 சதவீதம் இருந்தால் நல்லது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் இன்னும் குறை.

ஏசி பற்றி நீ கேட்கவே வேண்டாம், அது என் தொழில். மே மாதம் பகலில் 16 டிகிரிக்கு மேல் நிலையாக நின்ற பிறகு ஓட்டிப் பார். அதற்கு முன் வேண்டாம், கம்ப்ரஸருக்குக் கெடுதல். ஜூனில் உங்கள் தெருவில் பாப்லர் மரப் பஞ்சு, நம் ஊர் இலவம்பஞ்சு மாதிரி பறக்கும் என்றாயே, அது முழுக்க அவுட்டோர் யூனிட்டின் காயிலில்தான் போய் ஒட்டும். பக்கத்தில் இருக்கும் பெட்டியில் கரண்டை நிறுத்திவிட்டு, தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவு. பிரஷர் பம்ப் வைத்து அடித்தால் ஃபின் என்ற மெல்லிய தகடுகள் மடங்கி அந்தக் காயிலே வீணாகும். சுற்றி இரண்டடிக்குச் செடி வேண்டாம்.

“கேஸ் கம்மியா இருக்கு, அடிக்கணும்” என்று யாராவது சொன்னால் நில். ஏசியில் கேஸ் என்பது பெட்ரோல் மாதிரி செலவாவதில்லை. அடைத்த குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றும். குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். கசிவு எங்கே என்று கேள், அதை அடைத்த பிறகுதான் கேஸ். வருஷா வருஷம் கேஸ் அடித்துக் காசு வாங்குகிறவர்களை என் தொழிலில் நிறையப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நாங்கள் இருந்தபோது ஒரு பையன் கதவைத் தட்டி, “ஃபர்னஸை இலவசமாகப் பார்க்கிறோம்” என்று உள்ளே வரப் பார்த்தானே, அப்படி வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி விற்பதையே 2018 மார்ச்சிலிருந்து ஒன்டாரியோவில் தடை செய்திருக்கிறார்கள். மாப்பிள்ளை தான் சொன்னார். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடு உங்கள் தெருவில் இரண்டு இருக்கிறது, அவர்களுக்கும் சொல்லிவை.

ஃபில்டரில் விலை அதிகம், நெருக்கமாக வடிகட்டும் என்று எதையும் வாங்கிவிடாதே. உன் ஃபர்னஸுக்கு ஓரங்குல ஃபில்டர். எவ்வளவு நெருக்கமாக வடிகட்டும் என்பதற்கு மெர்வ் என்று ஓர் எண் இருக்கும். மெர்வ் 8 போதும், 13 போட்டால் ஃபர்னஸுக்கு மூச்சு முட்டும். பேஸ்மென்ட் படிக்குக் கீழே நான்கு வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் அட்டை ஓரத்திலும் மாதம் எழுதியிருக்கிறேன்: மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். குளிர்காலத்தில் மாதம் ஒரு முறை உருவிப் பார்த்துவிடு. அம்புக்குறி ஃபர்னஸ் பக்கம் இருக்க வேண்டும். முதலாவதைப் போடும்போது வீடியோவில் கூப்பிடு, குட்டியையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்.

அன்புடன்,
அப்பா