கொத்தமல்லிக் கட்டும் கோடு போட்ட நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொரிஷியஸுக்குச் சுற்றுலா வந்து போன வாசகர் ஒருவரின் கடிதத்தை உங்கள் பத்திரிகையில் படித்தேன். இங்கே ஒரு கோயிலில் பார்த்த சின்னப் பிள்ளைகளிடம் "ஒம்பேரென்ன, என்ன படிக்கிற?" என்று கேட்டாராம், பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் என்று சொன்னார்களாம், ஆனால் ஒன்று கூட வாயைத் திறக்காமல் முழித்ததாம், ஆகவே இந்தத் தீவில் தமிழ் முடிந்துபோன கதை என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் ஆறப்போட்டு யோசித்தால், பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பாதிக்குப் பழி பிள்ளைகள் மேல் இல்லை, என்னைப் போன்ற தமிழ் வாத்தியார்கள் மேல்.

நான் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் வகுப்பில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்காருகிறேன். உங்கள் வாசகர்களுக்கு இங்கத்திய வகுப்பு எப்படி என்று கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் புரியும். ஜனவரியில் பள்ளி திறக்கும். கிரேடு 1-க்கு வருகிற பிள்ளை வீட்டில் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி. பள்ளியில் ஒரே நேரத்தில் ஆங்கிலமும் பிரெஞ்சும் படிக்கத் தொடங்குகிறது. அதற்கு மேல் இந்தி, உருது, தமிழ், தெலுங்கு, மராத்தி, மாண்டரின், அரபு என்று பெற்றோர் கேட்கிற ஒரு மொழி, 2012-லிருந்து கிரியோலும் அந்த வரிசையில் ஒன்று. மொழிப் பீரியட் வந்ததும் வகுப்பு அப்படியே கலையும், ஒவ்வொரு கூட்டமும் தன் தன் மிஸ்ஸைத் தேடிக்கொண்டு போகும். தமிழுக்கு வருவது சில பள்ளிகளில் இருபது பிள்ளை, சில பள்ளிகளில் நாலே நாலு. எனக்கு ஒரு பள்ளியில் மூன்று வருஷம் சொந்தமாக அறையே கிடையாது, நூலக மூலையில் ஒரு வாரம், வராந்தாவில் ஒரு வாரம். படம் ஒட்டச் சுவர் இல்லாத வகுப்பு, கரும்பலகையைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன் என்று வையுங்கள். போதாக்குறைக்கு ஜனவரி, பிப்ரவரி இங்கே புயல் காலம், எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

இந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம்? எழுத வைத்தோம். கோடு போட்ட நோட்டில் மேலே ஒரு 'அ', கீழே பக்கம் முழுக்க அதையே எழுது. ஏன் என்று கேட்டால், சாயங்காலம் அம்மா நோட்டைத்தான் திறந்து பார்ப்பாள். வெறுமையாக இருந்தால் மறுநாள் வாசலில் நின்று "மிஸ், இன்றைக்கு ஒன்றும் சொல்லித் தரவில்லையா?" என்பாள். மேலதிகாரி வந்தாலும் புரட்டுவது நோட்டைத்தான். பிள்ளை பாடினது, பேசினது, சிரித்தது எதுவும் நோட்டில் ஒட்டாதே.

ஒரு பையன். பக்கம் முழுக்க 'அ' எழுதச் சொல்லிவிட்டு அவன் பின்னால் போய் நின்றேன். முதலில் மேலிருந்து கீழ்வரை வரிவரியாக வெறும் சுழி மட்டும் போட்டுக்கொண்டே வந்தான். அப்புறம் மறுபடி மேலே போய் எல்லாச் சுழிக்கும் வயிறு போட்டான். கடைசியில் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு நேர்கோடு, சடசடவென்று, கம்பி நட்ட மாதிரி. ஐந்தே நிமிஷத்தில் நாற்பது 'அ' தயார், பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஒரு 'அ' கூட எழுதவில்லை! "இது என்ன எழுத்துடா?" என்று கேட்டேன், தெரியவில்லை. அவனைத் திட்டவில்லை, திட்ட என்ன இருக்கிறது, மலைப்பான வேலையைக் கெட்டிக்காரத்தனமாக முடித்திருக்கிறான். எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இந்த நாட்டின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உண்டு, உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1998-ல் புதிதாக அச்சடித்த நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தமிழர்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தார்கள். நானும் அன்றைக்குக் குரல் கொடுத்தவள்தான். அந்த நோட்டுக்காக அவ்வளவு சண்டை போட்ட நாங்கள், பிள்ளையின் பையில் இருக்கிற இந்த நோட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு நாளாவது கூடிப் பேசினோமா?

சரி, கொத்தமல்லிக்கு வருகிறேன். ஒரு நாள் ரோஸ்ஹில் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு அந்தப் பையோடு நேராகப் பள்ளிக்குப் போய்விட்டேன். கட்டு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் பெண் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மிஸ், கோத்தோமிலி!" என்றாள். கிரியோலில் அப்படித்தான் சொல்வார்கள். நான் கட்டை எடுத்து ஆட்டி, "கொத்தமல்லி" என்றேன். அவள், "கோத்தோமிலி." நான், "கொத்தமல்லி." இரண்டு மூன்று தடவை இப்படிப் போனதும் வகுப்பே சிரிக்க ஆரம்பித்தது, மிஸ்ஸுக்குக் கிரியோல் சரியாக வரவில்லை என்று நினைத்துவிட்டார்கள் போல. அது கிரியோல் இல்லை, உங்கள் தாத்தாவின் தாத்தா கப்பலில் கொண்டுவந்த சொல் என்று சொன்னபோது அந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் பைகளில் காய்கறிக் கடையே வந்தது. காரிபூலே என்று கறிவேப்பிலை, முரூம் என்று முருங்கைக்கீரை. பிப்பங்காய் என்று ஒருத்தன் பீர்க்கங்காயையே தூக்கிக்கொண்டு வந்தான், அவன் கை நீளத்துக்கு இருந்தது. இன்னொருத்தி, வீட்டில் ராசோன் வைக்கிறார்கள், அதை எப்படிக் கொண்டுவருவது என்று கவலைப்பட்டாள். ரசம்தான்! தமிழே தெரியாது என்று நாம் கையை விரித்த பிள்ளைகளின் வாயில் இத்தனை தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளை மட்டுமில்லை, சந்தையில் கிரியோல்காரரும் முஸ்லிம்களும் சீனரும் இதே பெயரைச் சொல்லித்தான் கீரை வாங்குகிறார்கள்.

அதற்கப்புறம் என் வகுப்பு மாறிப்போனது. கண்ணைக் கட்டிவிட்டு இலையை மோந்து பெயர் சொல்ல வைப்பேன். வாழையிலை மாதிரி பச்சைக் காகிதம் வெட்டி, இங்கே விசேஷங்களுக்குப் பரிமாறுகிற ஏழு கறியை வைக்கச் சொல்வேன், ஒவ்வொரு கறிக்கும் ஒரு நிறப் பயறு. ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண்ணி வைத்தாக வேண்டும், ஒரு கறியை விட்டுவிட்டால் பந்தியில் பக்கத்துப் பிள்ளையே சண்டைக்கு வரும். தைப்பூசக் காவடி பள்ளி திறந்த சில வாரத்துக்குள்ளேயே வந்துவிடுவதால் காவடி, வேல், மயில், பால்குடம் எல்லாம் கேட்காமலே கிடைக்கும். கிரியோல் பேசுகிற நாக்குக்கு நம்முடைய 'ர' வராது, தொண்டையிலேயே நின்றுவிடும், 'மரம்' கிட்டத்தட்ட 'மகம்' மாதிரி கேட்கும். அதற்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் ஓட்டுவோம், டிரைவராக உட்காருகிறவன் 'டுர்ர்ர்' என்று நாக்கை உருட்டினால்தான் பஸ் நகரும். 'ழ' பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை, சென்னையிலேயே வாளப்பளம் விற்கிறார்கள்.

எழுத்து வேண்டாம் என்று சொல்லவில்லை, அது இரண்டு மாதம் பொறுக்கும். தொடங்கும்போதும் 'அ'-வில் தொடங்க வேண்டியதில்லை. இந்தச் சின்ன விரலுக்கு 'அ' ரொம்பக் கஷ்டமான எழுத்து. ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுதான், குச்சிகளை அடுக்கியே செய்துவிடலாம். கூட ஒரு புள்ளியைச் சொல்லிக்கொடுத்தால் படம், மடம், பட்டம் என்று அந்த வாரமே ஒரு முழுச் சொல்லைத் தானாக வாசித்துவிடும். ஐந்து வயதில் முதல் முதலாக ஒரு சொல்லை வாசிக்கிற பிள்ளையின் முகத்துக்கு நாற்பது 'அ' ஈடாகுமா?

இனி அந்த வாசகருக்கு. நீங்கள் "ஒம்பேரென்ன" என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை பாடத்தில் படித்தது "உங்கள் பெயர் என்ன?", பதில் "என்னுடைய பெயர்..." என்று நீட்டி முழக்குகிற எழுத்துத் தமிழ். நீங்கள் பேசினது அதன் காதுக்கு வேறு மொழி! உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே கிடையாது, வீட்டில் 'பேரு' என்று கேட்டு வளர்ந்து பள்ளியில் 'பெயர்' என்று படிக்கிறது. எங்கள் பிள்ளைக்குப் 'பேரு' என்ற படியே இல்லை, நேரே 'பெயர்' என்ற மாடிக்கு ஏறச் சொல்கிறோம். பேச்சுத் தமிழ் கொச்சை, வகுப்புக்குள் கொண்டுவராதே என்று எனக்கும் ஆரம்பத்தில் சொன்னவர்கள் உண்டு, நானும் பல வருஷம் கேட்டு நடந்தேன். "உக்காரு, இங்க வா, தண்ணி வேணுமா, போதும்" என்று எந்த மிஸ்ஸும் தமிழில் சொல்லிக் கேட்காத பிள்ளை கோயிலில் முழிக்காமல் என்ன செய்யும்? அதட்டுவது, கொஞ்சுவது எல்லாம் கிரியோலில், தமிழ் என்றால் நோட்டு. முதல் இரண்டு வருஷமாவது வகுப்பு பேச்சுத் தமிழில் நடக்கட்டும். மோகாவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாடநூல் செய்கிறவர்களுக்கும் இதை ஒரு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் எங்களுக்குச் சால்வையும் கேடயமும் கொண்டுவருகிறார்கள். அன்புக்கு நன்றி, சால்வை பீரோவில் அடுக்கி இருக்கிறது, இந்த ஊர் வெயிலுக்கு அதை எங்கே போர்த்துவது? எனக்கு வேண்டியது வேறு. உங்கள் வாசகர்களில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் யாராவது இருந்தால், உங்கள் வகுப்புப் பிள்ளைகளைப் பேச வைத்து போனில் பதிவு செய்து அனுப்புங்கள். செய்யுள் ஒப்பிப்பதோ பேச்சுப்போட்டியோ வேண்டாம். பென்சிலைத் தொலைத்துவிட்டுச் சண்டை போடுவது, சாப்பாட்டு டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்வது, காக்கா வடையைத் தூக்கிக்கொண்டு போன கதையை ஆளுக்கு ஒரு வரியாகத் தப்பும் தவறுமாகச் சொல்வது, இப்படி ஏதாவது இரண்டு நிமிஷம். சனிக்கிழமை வகுப்பில் போட்டுக் காட்டுகிறேன். காக்காவைத்தான் சில பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்ட வேண்டியிருக்கும், வடை இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ரோஸ்ஹில், மொரிஷியஸ்