ஆடிப்பெருக்குக்கு வருமுன்

தம்பி,

ஆடிப்பெருக்குக்கு லீவு கிடைத்துவிட்டது என்று சொன்னாய், சந்தோஷம். கொள்ளிடத்திலும் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், வந்தால் படித்துறையிலேயேதான் கிடப்பாய், வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் உங்கள் ஆபீஸில் நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் சிபிஆர் பயிற்சி இருக்கிறதென்று சொன்னாயே, அதைக் கற்றுக்கொண்டுதான் நீ வர வேண்டும். பொம்மையில் ஒரு தடவை அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், நம் பக்கம் முழுகினவனைக் கரையேற்றியதும் வயிற்றை அமுக்குகிறார்கள், தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். தண்ணீர் வெளியே வந்தால் பிழைத்துவிடுவான் என்ற நினைப்பு. அப்படி வருவது பெரும்பாலும் வயிற்றுத் தண்ணீர், அது வாந்தியாகி மூச்சுக்குழாயில் இறங்கினால் இன்னும் ஆபத்து. அவனுக்கு வேண்டியது காற்று. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவரை 108-க்குப் பேசச் சொல்லிவிட்டு, நெற்றியைச் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை ஊது. நெஞ்சு எழும்ப வேண்டும். அப்புறம் 30 அழுத்தம், மறுபடி இரண்டு மூச்சு, இப்படியே விடாமல்.

தண்ணீரில் விழாமல் திடீரென்று சரிகிற பெரியவர்களுக்கு ஊதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அழுத்தினாலே போதும். போன அறுவடையில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் அப்படித்தான் விழுந்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார், ஒருவர் கையில் சாவியைத் திணித்தார். விழுந்தவர் விட்டு விட்டு வாயைத் திறந்து இழுத்துக்கொண்டிருந்தார், அதைப் பார்த்து "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு" என்று எல்லோரும் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தார்கள். அது மூச்சே இல்லை தம்பி, இதயம் நின்ற பிறகு வருகிற இழுப்பு. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள், பல உயிர் இப்படி ஏமாந்துதான் போகிறது என்று எனக்கு வேதனை. நானும் லாரி டிரைவரும் மாறி மாறி அழுத்தினோம், 108 வந்து தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள், பிழைத்துக்கொண்டார்.

கயிற்றுக் கட்டிலில் கிடத்தி அழுத்தாதே, கட்டில்தான் அமுங்கும். கட்டாந்தரையில் மல்லாக்கப் படுக்க வை. நெஞ்சு நடு எலும்பின் கீழ்ப் பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மேலே அடுத்த கையை வைத்து, முழங்கை மடங்காமல் உடம்பு பாரத்தால் அழுத்து. 5 சென்டிமீட்டராவது இறங்க வேண்டும், 6-ஐத் தாண்ட வேண்டாம். நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 வரை, ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விடு. விலா எலும்பு கடக்கென்றாலும் நிறுத்தாதே, எலும்பு கூடிவிடும்.

இரண்டு நிமிஷத்திலேயே கை ஓய்ந்துபோகும், மாறி அழுத்த இன்னொரு ஆள் வேண்டும். அப்பாவுக்கு முட்டி போட முடியாது, அதனால் உன்னோடு ஆற்றுக்கு வருகிற பையன்களில் ஒருவனையாவது பழக்கிவிடு.

அம்மா