பேக் எத்தன லிட்டர்னு அப்புறம் பாக்கலாம், மொதல்ல முதுக அளந்து சொல்லு

என்னடி வசு, எப்படி இருக்க?

உன் மெயில பாத்த அன்னிக்கே பதில் போடணும்னுதான் நெனச்சேன், எங்க முடியுது. வீடு மாத்தினதுல பாதி சாமான் இன்னும் அட்டப்பெட்டிக்குள்ளயே கெடக்கு, சின்னவளுக்கு பரீட்ச, அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு இப்போ கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாங்க, கண்ணாடி எனக்கு வந்துடுச்சு. அவ்ளோதான் நம்ம வீட்டு நியூஸ், மத்ததெல்லாம் அப்படியேதான் ஓடுது.

ஆனா நீ அஞ்சு நாள் மலை ஏறப்போறியா! ஹாஸ்டல்ல மூணாவது மாடிக்கு ஏறி வந்து கட்டில்ல தொப்புன்னு விழுந்து தண்ணி குடுடின்னு கேப்பியே, அவதானா இதுன்னு திரும்ப ஒருவாட்டி படிச்சேன். ரொம்ப சந்தோஷமா இருக்குடி, நெஜமா. இந்த வயசுல ஆரம்பிக்கலாமான்னு ஒரு வரி எழுதியிருந்த பாரு, அத மட்டும் அழிச்சுடு.

சரி, பேக் விஷயம். மலைக்கு முதுகுல மாட்டிட்டுப் போக எந்த பேக் வாங்கலாம், எத்தன லிட்டர் கொள்ளற மாதிரி இருக்கணும்னு கேட்டிருந்த. நீ அனுப்பின மூணையும் பாத்தேன், மூணும் நல்ல பேக்தான், ரிவியூவும் நல்லாத்தான் இருக்கு. இதுல எது பெஸ்ட்னு கேட்டா எனக்கு சொல்லத் தெரியல, ஏன்னா உன் முதுகோட நீளம் எனக்குத் தெரியாது, அநேகமா உனக்கும் தெரியாது. அது தெரியாம லிட்டர், கலர், எத்தன பாக்கெட்னு பேசிட்டு இருக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்ல. எல்லாரும் புகழ்ற பேக் உன் முதுகுக்கு சேரலன்னா ரெண்டாவது நாளே தோள்பட்ட ரெண்டும் விட்டுப்போற மாதிரி வலிக்கும். பேரே கேள்விப்படாத கம்பெனி பேக் அளவா உக்காந்துச்சுன்னா சொகமா நடந்துடலாம். முதுகுல இருக்கறதே தெரியாதுன்னு சிலபேர் சொல்லுவாங்க, அதெல்லாம் ரீல், பன்னெண்டு கிலோ பன்னெண்டு கிலோதான், ஆனா அத பத்தியே நெனச்சுக்கிட்டு நடக்க வேண்டியிருக்காது.

முதுகு நீளம்னா உன் ஒசரம் இல்ல, அத மொதல்ல புரிஞ்சுக்கோ. ஒரே ஒசரத்துல ரெண்டு பேர் இருந்தா ஒருத்தருக்கு காலு நீளம் இன்னொருத்தருக்கு ஒடம்பு நீளம், ரெண்டு பேருக்கும் வேற வேற சைஸ் பேக்தான் வரும். தலைய முன்னாடி குனி, கழுத்தும் தோளும் சேர்ற எடத்துல ஒரு எலும்பு முட்டிக்கிட்டு நிக்கும், அதுதான் மேல் பாயிண்ட். அப்புறம் இடுப்புல ரெண்டு கையையும் ஊனி நில்லு, சண்டைக்கு நிக்கற மாதிரி, கட்ட விரல் பின்பக்கம் இருக்கட்டும், கை போய் உக்கார்ற அந்த எலும்போட மேல் விளிம்பு இருக்குல்ல, ரெண்டு கட்ட விரலுக்கும் நடுவுல குறுக்க நேரா ஒரு கோடு போட்டதா நெனச்சுக்கோ, அது முதுகுத்தண்ட தொடற எடம்தான் கீழ் பாயிண்ட். இந்த ரெண்டுக்கும் நடுவுல தையல் டேப்ப வச்சு முதுகோட வளைவோடயே அளக்கணும். ஒனக்கு நீயே அளந்துக்க முடியாது, பையன அளக்கச் சொல்லு. எத்தன சென்டிமீட்டர் வருதோ அத வச்சுத்தான் ஸ்மாலா மீடியமா லார்ஜான்னு பாக்கணும், அதுவும் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால ஒவ்வொரு பேக்குக்கும் அவங்க போட்டிருக்கற சைஸ் சார்ட்ட தனித்தனியா பாரு. சில பேக்குல தோள் ஸ்ட்ராப்ப மேலயும் கீழயும் நகத்தி வச்சுக்கற மாதிரி இருக்கும், மொத பேக் வாங்கறவங்களுக்கு அது நல்லது, கொஞ்சம் வெயிட் கூடும், பரவால்ல.

முதுகு நீளத்துக்கு ஏன் இவ்ளோ அலட்டிக்கறேன்னா, கனம் உக்கார வேண்டிய எடம் தோளே இல்ல, இடுப்பு. கொழந்தைய நாள் பூரா தோள்ல தூக்க முடியுமா, இடுப்புல வச்சுக்கிட்டா எவ்ளோ தூரம் வேணா போவோம்ல, அதேதான் இங்கயும். முக்காவாசிக்கு மேல கனம் பேக்கோட ஹிப் பெல்ட், அதான் இடுப்புல கட்டற பட்ட, அது வழியா இடுப்பெலும்புல எறங்கி காலுக்குப் போயிடணும், தோள் ஸ்ட்ராப்போட வேல பேக் பின்னாடி சாயாம பிடிச்சுக்கறது மட்டும்தான். பேக் உன் முதுகவிட நீளமா இருந்தா, பெல்ட்ட இடுப்புல சரியா கட்டினாலும் தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவுல சந்து விழும், பேக் பின்னாடி இழுக்கும். குட்டையா இருந்தா பெல்ட் எலும்பு மேல உக்காராம ஏறிப்போய் வயித்த அமுக்கும், கனமெல்லாம் தோளுக்கு வந்துடும். தோள்லயே ரொம்ப நேரம் கனம் தொங்கினா கழுத்துப் பக்கத்துலேர்ந்து கைக்குப் போற நரம்பெல்லாம் அமுங்கி கை மரத்துப்போகும், மூட்டைய சொமந்துக்கிட்டு நடக்கற பட்டாளத்துக்காரங்களுக்கு இது வரதால டாக்டருங்க இதுக்கு ரக்ஸாக் பால்ஸின்னே ஒரு பேரு வச்சிருக்காங்க. ஹிப் பெல்ட்டும், பேக்க வெறப்பா நிக்க வைக்கற ஃப்ரேமும் இருந்தா இது வர்றது ரொம்ப கொறைவு.

இந்த ஃப்ரேமுக்கு ஒரு கதையே இருக்கு, நீதான் ஹிஸ்டரி ஸ்டூடண்ட் ஆச்சே, ஒனக்குப் பிடிக்கும். 1952ல அமெரிக்காவுல டிக் கெல்ட்டின்னு ஒருத்தர், அவரும் அவர் மனைவியுமா வீட்லயே அலுமினியம் ஃப்ரேம் வச்ச பேக் செஞ்சு விக்க ஆரம்பிச்சாங்க, கனத்த இடுப்புக்கு எறக்கற ஐடியாவ எல்லார்கிட்டயும் கொண்டுபோனதுல அவருக்கு பெரிய பங்கு உண்டு. அப்போ ஃப்ரேம் வெளிய ஏணி மாதிரி தெரியும். அப்புறம் 1967ல கிரெக் லோவ்னு ஒரு மலையேறி அந்த ஃப்ரேம பேக்குக்கு உள்ள வச்சாரு, அதுக்கப்புறம்தான் முதுகோட ஒட்டி உக்கார்ற பேக் வந்துச்சு. இன்னிக்கு நீ அனுப்பின மூணும் அந்த வம்சம்தான். உள்ள ஒண்ணோ ரெண்டோ அலுமினியப் பட்ட இருக்கும், சில மாடல்ல அத வெளிய எடுத்து உன் முதுகு வளைவுக்குத் தக்கபடி லேசா வளைச்சுக்கலாம்.

கடைக்கு நேர்ல போடி, ப்ளீஸ். ஆன்லைன்ல ரெண்டு காசு கொறையும்னு பாக்காத. போனதும் வெறும் பேக்க மாட்டிக்கிட்டு கண்ணாடி முன்னாடி நின்னா எல்லா பேக்கும் அருமையாத்தான் இருக்கும், உள்ள எட்டு பத்து கிலோ வெயிட் போடச் சொல்லு, நல்ல கடையில அதுக்குன்னே மண்ணு மூட்ட மாதிரி வச்சிருப்பாங்க. மாட்டறதுலயும் ஒரு வரிச இருக்கு. மொதல்ல எல்லா ஸ்ட்ராப்பையும் லூஸ் பண்ணிட்டு மாட்டு. அப்புறம் ஹிப் பெல்ட், அதோட நடு பாகம் இடுப்பெலும்போட விளிம்பு மேல வரணும், அங்க வச்சு இறுக்கு. பெல்ட்டோட மெத்த மாதிரி இருக்கற ரெண்டு முனையும் முன்னாடி வந்து ஒண்ணோட ஒண்ணு முட்டக்கூடாது, நடுவுல கொஞ்சம் எடம் இருக்கணும், முட்டிச்சுன்னா பெல்ட் ஒனக்கு பெருசு. ஒருவாட்டி இப்படி முட்டற பெல்ட்ட மாட்டிவிட்டுட்டு இப்படித்தான் மேடம் இருக்கும்னு ஒரு சேல்ஸ் பையன் என்கிட்ட அடிச்சு பேசினான், அங்கயே வச்சுட்டு வந்துட்டேன்.

பெல்ட்டுக்கு அப்புறம் தோள் ஸ்ட்ராப்ப இழு, தோள சுத்தி ஒட்டி வரணும், அழுத்தக்கூடாது. அடுத்தது தோளுக்கு மேல பாரு, ஸ்ட்ராப்லேர்ந்து பேக்கோட உச்சிக்கு சின்னதா ஒரு நாடா போகும், லோட் லிஃப்டர்னு பேரு, அது சுமாரா 45 டிகிரி சாய்வுல இருக்கணும், அத லேசா இழுத்தா பேக்கோட மேல் பாகம் ஒன் பக்கம் வரும். படுக்கையா கெடந்தாலோ கீழ்நோக்கி போனாலோ அந்த பேக் ஒனக்கு குட்ட. கடைசியா நெஞ்சு ஸ்ட்ராப், கழுத்தெலும்புக்கு ரெண்டு விரல் கீழ, மூச்சு நல்லா இழுத்து விட்டுப் பாத்துட்டு மாட்டு. அவ்ளோதான், இப்போ கடையிலயே கால் மணி நேரம் நட, மாடிப்படி இருந்தா ஏறி எறங்கு, குனிஞ்சு ஷூ லேஸ தொடு, அண்ணாந்து மேல பாரு, தலை பேக்குல இடிச்சா மலையில ஏறும்போது எரிச்சலா இருக்கும். கடைக்காரன் மொறச்சா மொறைக்கட்டும்.

லேடீஸ் மாடல்னு போட்டிருக்கறத பாத்து அதுதான் வாங்கணும்னு இல்ல. அதுல முதுகு நீளம் கொறைவா இருக்கும், தோள் ஸ்ட்ராப் நெருக்கமா வளைஞ்சு வரும், பெல்ட்டோட சாய்வு வேற மாதிரி, நெறைய பொண்ணுங்களுக்கு இது நல்லா சேரும். நீ நெட்ட, ஒனக்கு ஆம்பளைங்க மாடலே சரியா வந்தாலும் வரும், ரெண்டையும் மாட்டிப் பாத்துட்டு ஒடம்புக்கு எது சேருதோ அத எடு.

இப்போ நீ கேட்ட லிட்டர் கேள்வி. பொதுவா ரெண்டு மூணு ராத்திரிக்கு 40லேர்ந்து 50, அதுக்கு மேலன்னா 50லேர்ந்து 65ன்னு சொல்லுவாங்க. நீ டென்ட் தூக்கறியா இல்ல தங்கற எடம் வழியிலயே இருக்கா, குளிர் எப்படின்னு ஒண்ணும் எழுதல, அத பொறுத்துத்தான். என் கருத்து என்னன்னா பேக்க கடைசியாத்தான் வாங்கணும். டென்ட், ஸ்லீப்பிங் பேக், பாய், துணி எல்லாத்தையும் சேத்து ஒரு எடத்துல குவிச்சுட்டு, அந்த குவியலோட சைஸ பாத்துட்டு அப்புறம் போ. பெரிய பேக்க மொதல்லயே வாங்கிட்டா காலி எடத்த பாத்தாலே கை சும்மா இருக்காது, இது ஒண்ணு அது ஒண்ணுன்னு திணிச்சுடுவோம், நம்ம ஹாஸ்டல் டிரங்குப் பெட்டிய மூட மேல ஏறி உக்காருவோமே ஞாபகம் இருக்கா. பேக்கோட கொள்ளளவ அளக்க சின்னச் சின்ன பிளாஸ்டிக் பந்த உள்ள கொட்டி அளக்கற ஸ்டாண்டர்ட் முறை ஒண்ணு இருக்கு, ஆனாலும் வெளிப் பாக்கெட்ட சேக்கறதா வேண்டாமாங்கறதுல கம்பெனிங்க ஒரே மாதிரி இருக்கறதில்ல, அதனால 55ம் 60ம் ஒண்ணாவே தெரிஞ்சா ஆச்சரியப்படாத.

வெயிட்டுக்கு, தண்ணியோட சேத்து ஒடம்பு எடையில அஞ்சுல ஒரு பங்குக்குள்ள நிறுத்தணும்னு ஒரு கணக்கு, அறுபது கிலோ ஆளுக்கு பன்னெண்டு கிலோ. நம்ம வயசுக்கும் நம்ம முட்டிக்கும் அதவிட கொறைவா இருந்தா நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். வெறும் பேக்கே ஒரு கிலோலேர்ந்து ரெண்டரை கிலோ வரைக்கும் இருக்கும், அதையும் கணக்குல சேத்துக்கோ. ஆனா லைட்டா இருக்குன்னு ஃப்ரேமே இல்லாத பேக்குக்கு ஆசப்படாத, அது சாமானையே அஞ்சாறு கிலோவுக்குள்ள கொண்டுவந்துட்டவங்களுக்கு, நீ இன்னும் ஹேர் ட்ரையர் கொண்டு போலாமான்னு கேக்கற ஆளு.

நீ அனுப்பினதுல ரெண்டாவது பேக், முதுகுல வலை கட்டி காத்து போற மாதிரி இருக்கே, அது வேர்வைக்கு நல்லதுதான், ஆனா கனம் முதுகவிட்டு கொஞ்சம் தள்ளிப்போகும், உள்ள எடமும் வளைஞ்சு இருக்கும். வேர்க்கறது ஒனக்கு தாங்காதுன்னா எடு, பாறை ஏறி எறங்கற வழின்னா ஒட்டி உக்கார்ற பேக்தான் நிதானமா இருக்கும்.

மழைக்கு ரெயின் கவர் மட்டும் நம்பாத. முதுகுப்பக்கம் தெறந்தேதானே இருக்கு, அது வழியா தண்ணி எறங்கும், காத்துல கவர் பறந்தும் போகும். துணி வாட்டர்ப்ரூஃப்னு எழுதியிருந்தாலும் தையல் வழியா வரும். உள்ள ஒரு கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பைய விரிச்சு அதுக்குள்ள எல்லாத்தையும் வச்சு வாய முறுக்கிட்டா முடிஞ்சுது, இதுக்குன்னு காஸ்ட்லியா எதுவும் வேண்டாம். அடுக்கும்போது ஸ்லீப்பிங் பேக் அடியில, கனமானதெல்லாம் நடுவுல முதுக ஒட்டி, மழைக்கோட்டு மேல. பாக்கெட்ட பத்தி எனக்கு பெரிய அபிப்பிராயம் இல்ல, தண்ணி பாட்டில பேக்க கழட்டாம எடுக்க முடியுதான்னு மட்டும் கடையிலயே பாத்துடு.

அப்புறம் ஒண்ணு, பெல்ட்ட இறுக்கணும்னு சொன்னேன்னு வெறி வந்து இறுக்கிடாத. தொடையோட வெளிப்பக்கம் மரத்தாலோ எரிஞ்சாலோ அங்க ஒரு நரம்பு அமுங்குதுன்னு அர்த்தம், ஒடனே லூஸ் பண்ணு, பெல்ட்ட கொஞ்சம் மேல கீழ நகத்து. ஒரே மாதிரி நாள் பூரா கட்டிக்கிட்டே நடக்கவும் வேண்டாம், ஏத்தத்துல கொஞ்சம் தோளுக்கு குடு, அப்புறம் திரும்ப இடுப்புக்கு எறக்கு, இப்படி மாத்தி மாத்தி. வாங்கினதும் டேக்க பிச்சுடாத, வீட்லயே உன் சாமானையே போட்டு ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டு சமையல் பண்ணு, துணி மடி, எங்க உறுத்துதுன்னு அப்போதான் தெரியும், சரியில்லன்னா திருப்பிக் குடுக்கலாம். ரிட்டர்ன் எடுப்பாங்களான்னு பில் போடும்போதே கேட்டுக்கோ.

ஷூ பத்தியும் கேட்டிருந்த, அதுக்கு தனியா எழுதறேன், அது இதவிட பெரிய புராணம். உன் பையன் கல்யாணப் பேச்சு எழுதியிருந்தியே, அந்த பொண்ணும் மலைக்கு வருதா, அத ஏன்டி பாதியில நிறுத்தின? முதுகு அளவோட சேத்து அதையும் ஒழுங்கா எழுது.

உன்,
மல்லி