ராத்திரி ரெண்டு மணிக்கு எங்கட பிள்ளையளுக்கு என்ன நடக்குது: கிழக்கு மாகாண சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். மாகாண சுகாதார அமைச்சில முடிவெடுக்கிற எல்லாருக்கும் திருகோணமலையில இருந்து ஒரு அம்மா எழுதுறன். உங்கட ஒபிஸும் எங்கட ஊர்லதான் இருக்கு, அதால நான் சொல்லுற வெக்கையும் கரண்ட் கட்டும் உங்களுக்கும் விளங்கும்.

என்ர மகனுக்கு 11 வயசு. டைப் 1 சீனி வருத்தம், உடம்பில இன்சுலின் சுரக்காத வகை, வந்து ரெண்டு வருசம். ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி, சீனி பாக்க நாலஞ்சு தரம் விரல்ல குத்துறது, குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் கறுத்த புள்ளி. சுண்டுவிரலை மட்டும் உள்ளங்கைக்குள்ள மடிச்சு ஒளிச்சு வைப்பான், அதுல குத்தினா கூடுதலா நோகுமாம்.

போன ஆடி மாசம் கனடாவில இருந்து மச்சாள் விடாம சீனி பாக்கிற ஒரு சென்சர் அனுப்பினா. ரெண்டு ரூவாக் குத்தி அளவுதான், மேல்கைப் பின்பக்கம் வச்சு அமத்தினா டக்கெண்டு ஒட்டிரும். உள்ள போறது மயிர் மாதிரி மெல்லிசான ஒரு கம்பி, அரை சென்ரிமீற்றர் வரும், ஒட்டினதே தெரியேல்ல எண்டான். அந்தக் கம்பியில ஒரு நொதி இருக்கு, தோலுக்குக் கீழ இருக்கிற நீர்ல உள்ள குளுக்கோஸோட அது சேரேக்க சின்ன மின்சாரம் வரும், அதை வச்சு போன்ல றீடிங் காட்டும். ராப்பகலா 14 நாள்.

மூண்டாம் நாள் ராத்திரி 2.20க்கு போன் கத்திச்சு. சீனி 58, 70க்குக் கீழ எண்டா குறைவு. எழுப்பி குளுக்கோஸ் குடுத்து விரல்லயும் குத்திப் பாத்தம், 61. படுக்கேக்க 140 இருந்த பிள்ளை, மற்ற நாளெல்லாம் விடிய பாத்தா 110, 115 எண்டு நல்லாத்தான் காட்டும், கொப்பியில எழுதி கிளினிக்குக்கும் கொண்டுபோய்க் காட்டுவம், எல்லாரும் சந்தோசப்படுவம். ஆனா எத்தினையோ நாள் தலையிடி எண்டு சொல்லித்தான் எழும்புவான், தலகணி தொப்பையா நனைஞ்சிருக்கும். நாங்க ஃபேன் நிண்ட வேர்வை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டம். அந்த 14 நாளில அஞ்சு ராத்திரி 70க்குக் கீழ இறங்கியிருக்கு. கிராஃபைப் பாத்த உடன டொக்டர் இரவு இன்சுலினைக் குறைச்சார், இப்ப தலகணி காய்ஞ்சிருக்கு.

குறையும் இருக்கு, அதையும் சொல்லோணும். சாப்பாடு முடிஞ்சு சீனி வேகமா ஏறேக்க சென்சர் இரத்தத்தைவிட அஞ்சு பத்து நிமிசம் பிந்தும், கைக்கு மேல படுத்தா பொய்யா இறக்கிக் காட்டும், அதால சந்தேகம் வந்தா விரல்லயும் குத்தத்தான் வேணும். உப்புவெளியில கடல் குளிச்சா ஓரம் கழரும், மேல பிளாஸ்ரர் போட்டுச் சமாளிச்சம். இன்னொண்டு, குத்தவே தேவையில்லை எண்டு சொல்லி சீனி பாக்கிற கைக்கடிகாரம், மோதிரம் விக்கிறாங்கள், அதை நம்ப வேண்டாம் எண்டு அமெரிக்காவில மருந்து, மருத்துவக் கருவியளைக் கட்டுப்படுத்துற எஃப்.டி.ஏ 2024 பெப்ரவரியிலயே எச்சரிச்சது. நீங்களும் இதை கிளினிக்குகளில தமிழ்லயும் சிங்களத்திலயும் ஒட்டி விடுங்கோ, சனம் கடன்பட்டு வாங்குது.

இங்கிலாந்தில 2022 மார்ச்ல வந்த வழிகாட்டல் டைப் 1 உள்ள எல்லாருக்கும் இந்த மாதிரி சென்சர் குடுக்கச் சொல்லுது. நான் அந்தளவு கேக்கேல்ல. மாவட்டத்தில கிளினிக் வாற டைப் 1 பிள்ளைக்கு வருசத்துக்கு ரெண்டு சென்சர் தாங்கோ, போன் இல்லாத வீட்டுக்கு சென்சர் றீடிங் காட்டுற றீடர் கருவி இரவல் குடுங்கோ, கிராஃப் வாசிக்க ஒரு நேர்ஸைப் பழக்கி விடுங்கோ. சீனி அடிக்கடி இறங்குற பிள்ளையளுக்கு மட்டும் தொடர்ந்து தாங்கோ. எங்களால வாங்க ஏலாது, தொடர்ந்து போட மாசத்துக்கு ரெண்டு தேவை, அதுக்கே மனுசன்ர சம்பளத்தில பாதி போயிரும்.

கிளினிக் வாங்கில எனக்குப் பக்கத்தில இருக்கிற மூதூர் அக்கா விடியக்காலமை நாலு மணிக்கே வெளிக்கிடுறவ. அவவின்ர மகளுக்கு ஒம்பது வயசு, அவளும் தலையிடியோடதான் எழும்புறாளாம். மகன்ர கிராஃபை போன்ல காட்டினன், கனநேரம் பாத்துக்கொண்டே இருந்திட்டு, இது எங்க எடுக்கலாம் தங்கச்சி எண்டு கேட்டா. அவவுக்கு என்ன சொல்ல எண்டு நீங்கதான் சொல்லோணும். 14 நாள் கிராஃபையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கிறன், எந்த நாள் கூப்பிட்டாலும் கொண்டு வாறன்.

இப்படிக்கு,
டைப் 1 பிள்ளையின்ர அம்மா, திருகோணமலை