ஒலிபெருக்கி செய்ய 9 வோல்ட் பேட்டரியே போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒலிபெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) செய்து பழகும் ஆர்வத்தில், பழைய டிவி, ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்துப் பாகம் சேகரிக்கும் மாணவர்களை எங்கள் பகுதியில் காண்கிறேன். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்சாரத்தைச் சேமிக்கும் பாகங்களான பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. 40 ஆண்டுகள் ரேடியோ பழுதுபார்த்த எனக்கே ஒருமுறை அவ்வாறு அடித்து, வெகுநேரம் கை மரத்துப்போயிருந்தது.

தொடக்கத்துக்கு ஒலியைப் பெருக்கும் சிறு சில்லான எல்.எம்.386 ஐ.சி., 8 ஓம் ஸ்பீக்கர், சில கெபாசிட்டர்கள், 9 வோல்ட் பேட்டரி போதும். மதுரைக் கடைகளில் புதிதாகவே வாங்கலாம். எலக்ட்ரோலைட்டிக் வகைக் கெபாசிட்டரில் எதிர்மின் முனையை (–) காட்டும் பட்டையைக் கவனிக்காமல் மாற்றிப் பொருத்தினால் அது வெடிக்கக்கூடும். பாகங்களைப் பற்றவைக்கும், ஈயம் கலந்த சால்டர் கம்பியைத் தொட்ட கையைக் கழுவாமல் உண்ணக் கூடாது. 230 வோல்ட் வீட்டு மின் இணைப்பை, அனுபவமுள்ளவர் அருகில் இல்லாமல் மாணவர்கள் தொட வேண்டாம் எனப் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள் எடுத்துக்கூற வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.