வெண்புள்ளி கண்ட தொட்டிக்கு

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நல்லபடியாகப் பிரசவமானதும், நீ தாத்தா ஆனதும் பெரிய சந்தோஷம். பேரனுக்கு என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டாயே. எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, காலையில் நடக்கிறேன்.

கடிதத்தில் பாதி மீன்தொட்டியைப் பற்றித்தான் இருந்தது, அதனால் நேராக அதற்கே வருகிறேன். புதிதாக விட்ட டெட்ரா மீன்கள் வழியாக நோய் வந்து, உடம்பெல்லாம் உப்பைத் தூவினது போலப் புள்ளிகள், இரண்டு மீன்கள் போய்விட்டன, மூன்று மருந்து பாட்டில்கள் வாங்கி வைத்திருக்கிறாய், தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிவிடலாமா என்று கேட்கிறாய். கழுவாதே, கதிர். மூன்று மருந்தையும் சேர்த்தும் ஊற்றாதே. முதலில் தண்ணீரைச் சோதித்துப் பார்.

ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியிருக்கிற பாக்டீரியாக்கள்தான் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிளீச்சிங் பவுடர் போட்டால் அவையும் செத்துவிடும், மறுபடி உருவாக ஒரு மாதம்கூட ஆகும். நோயில் துவண்ட மீனை அந்த நாட்கள் முழுக்க அம்மோனியாவில் விடுவது நோயைவிடக் கொடுமை. அதோடு, மீன் மூச்சுவாங்குவதும் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நிற்பதும் அம்மோனியா ஏறினாலும் வரும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் இல்லையென்றால், மருந்துக்கு முன்னால் கால்வாசித் தண்ணீரை மாற்று. குளோரின் நீக்கிய தண்ணீராக இருக்கட்டும்.

அடுத்து, அது வெண்புள்ளி நோய்தானா என்று உறுதி செய்துகொள். தனித்தனியாக, எண்ணிவிடக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் என்றால் அதுதான். டார்ச் அடித்துப் பார்க்கும்போது பொன்தூள் பூசினதுபோல் மினுங்கினால் அது வெல்வெட் நோய். வாயோரம் பஞ்சு கட்டினமாதிரியோ முதுகில் வெளிறிய பட்டையோ தெரிந்தால் கொலம்னாரிஸாக இருக்கலாம். பார்வைக்குப் பூஞ்சை போல இருந்தாலும் அது பாக்டீரியா. இதில் தவறினால் ஆபத்து ஏன் என்றால், வெண்புள்ளிக்குச் சூட்டை ஏற்றுவோம்; கொலம்னாரிஸ் சூட்டில் இன்னும் வேகமாகப் பரவும். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியமே மற்றதில் மீனைக் கொன்றுவிடும்.

வெண்புள்ளிதான் என்றால் அந்த ஒட்டுண்ணியின் வழியைப் புரிந்துகொள். நீ பார்க்கிற புள்ளி மீனின் தோலுக்கடியில் பதுங்கியிருக்கிறது. மருந்து அதைத் தொடாது. நன்றாகத் தின்று கொழுத்ததும் மீனை விட்டு விழுந்து, அடியில் ஒரு கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாகும். அவை நீந்தி இன்னொரு மீனைத் தேடும்போதுதான் மருந்தோ உப்போ அவற்றைக் கொல்ல முடியும். ஒன்றிரண்டு நாளில் மீன் கிடைக்காவிட்டால் தாமாகவே செத்துவிடும். 25 டிகிரியில் இந்தச் சுற்று ஏறத்தாழ ஒரு வாரம். குளிர்ந்த நீரில் பல வாரங்கள் இழுக்கும். சூட்டை ஏற்றுவது இந்தச் சுற்றை விரைவுபடுத்தத்தான். புள்ளிகள் மறைந்துவிட்டன என்று மருந்தை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். புள்ளி மறைந்ததற்கு அர்த்தம் ஒட்டுண்ணி கீழே விழுந்து பெருகுகிறது என்பது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரமாவது தொடர்ந்து செய்.

நான் உன் இடத்தில் இருந்தால் முதலில் உப்பும் சூடும்தான். லிட்டருக்கு 2 கிராம் கணக்கு, அதாவது 100 லிட்டர் தொட்டிக்கு 200 கிராம். வெளியே கரைத்து, இரண்டு நாளில் பங்கு பங்காகச் சேர். தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு உரிய உப்பை மட்டும் திரும்பப் போடு, ஏனென்றால் உப்பு ஆவியாகிப் போகாது. உன் கோரிடோரஸ் மீன்களுக்குச் செதில் அமைப்பு வேறு. உப்புக்கு அவை சிணுங்கும், அளவைப் பாதியில் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போ. செடிகளில் சில வாடலாம். சூட்டை நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரி வீதம் 30 வரை ஏற்று. தண்ணீர் சூடாக ஆக ஆக்சிஜன் குறையும், ஏர் பம்ப் இரவும் பகலும் ஓடட்டும். சூடும் பி.எச்.சும், அதாவது தண்ணீரின் அமில-கார அளவும், ஏறும்போது அம்மோனியாவின் நஞ்சும் கூடும். தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி நான் அடம்பிடிப்பது இதற்காகவும்தான்.

இதற்கும் அடங்காவிட்டால் மாலகைட் கிரீன் என்கிற பச்சைச் சாயம் உள்ள மருந்தைத் தொடு. அதற்குமுன் ஃபில்டரிலிருந்து கார்பன் கரியை எடுத்துவிடு, இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். டெட்ராக்களுக்கு அது கடுமை, லேபிளில் சொன்ன அளவில் பாதி போதும். செம்பு கலந்த மருந்து வேண்டவே வேண்டாம், உன் இறாலும் நத்தையும் மிஞ்சாது. கையில் வெட்டோ கீறலோ இருந்தால் உறை மாட்டாமல் தொட்டிக்குள் கை விடாதே. மீனிடமிருந்து மனிதத் தோலுக்கு வருகிற மைக்கோபாக்டீரியம் என்கிற ஒரு கிருமி உண்டு. ஆறாத முடிச்சாக வந்து மாதக்கணக்கில் படுத்தும்.

இனிமேல் புதிய மீன் வாங்கினால் நான்கு வாரம் தனித் தொட்டியில் வை. ஹீட்டர், ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த்துண்டு, இவ்வளவுதான் வேண்டும். வலை, உறிஞ்சுகுழாய் எல்லாம் அதற்கென்று தனியாக. எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காத ஏற்பாடு இது. புது மீனைப் பார்க்கவே எல்லோருக்கும் ஆசை. ஆனால் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

அந்த வயதான ஏஞ்சல் மீனைப் பற்றி எழுதியிருந்தாய். செதிலெல்லாம் சிலிர்த்து, வயிறு உப்பி, சாப்பிடாமல் கிடக்கிறதென்றால் அது உள்ளுறுப்பு சோர்ந்துபோனதன் அடையாளம், பெரும்பாலும் மீள்வதில்லை. அதைத் தனியே வைத்து, வெளிச்சத்தைக் குறைத்து, நிம்மதியாக விடு. அத்தனை வருடம் உன் கையிலிருந்து தின்ற மீனுக்காக அழுவதில் என்ன தப்பு? மற்றவர்கள் சொல்வதைப் பொருட்படுத்தாதே.

அம்மோனியா, நைட்ரைட், பி.எச். எண்களை உடனே எழுதி அனுப்பு, முடிந்தால் புள்ளிகள் தெரிகிற மாதிரி ஒரு படமும். பேரன் பெயரையும் மறக்காதே.

அன்புடன்,
ராசு