சும்மாதான் இருக்கிறாளாம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் அறுவை முடிந்து சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கிடந்தேன், அதான் தாமதம். இப்போது பரவாயில்லை, எழுத்து தெரிகிறது.

குழந்தை பிறந்ததும் மகள் வேலையை விட்டுவிட்டாள், “இவ்வளவு படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறாள்” என்று எழுதியிருந்தாய். அந்தச் ‘சும்மா’தான் என்னைத் தூங்கவிடவில்லை.

நாம் கணக்கெடுப்புக்குப் போன காலம் நினைவிருக்கிறதா? “என்ன வேலை பார்க்கிறீங்க?” என்றால், “சும்மாதான் இருக்கேன்” என்பார்கள். சொல்லும்போதே இடுப்பில் ஒரு குழந்தை, கையில் பாதி பிழிந்த துணி, கண் மட்டும் அடுப்பின் மேல். நாமும் ‘வேலை இல்லை’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடப்போம். நானும் அடித்தவள்தான்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் ஒரு கணக்குப் போட்டது. உலகம் முழுக்கச் சம்பளமில்லாமல் நடக்கும் வீட்டு வேலையும் பராமரிப்பும் நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம். அதில் முக்கால் பங்குக்கும் மேல் பெண்கள் தலையில். வீட்டுப் பொறுப்பால் வேலைக்குப் போக முடியாத பெண்கள் 60.6 கோடி, ஆண்கள் 4.1 கோடி. இதைப் பார்த்த பிறகும் “பெண்களுக்கு ஆர்வம் குறைவு” என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது.

படிப்பும் நாட்டு வளர்ச்சியும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால், 2023-இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் அமெரிக்காவின் இருநூறு ஆண்டுக் கதையைத் தோண்டிப் பார்த்தவர். வயலிலிருந்து வேலை தொழிற்சாலைக்கு நகர்ந்தபோது, மணமான பெண்கள் வேலைக்குப் போவது குறைந்திருக்கிறது. வயல் வீட்டுப் பக்கத்தில் இருந்தது, தொழிற்சாலை அப்படி இல்லை. நாடு வளர்ந்தால் பெண்ணும் தானாக முன்னேறுவாள் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

மாற்றம் எங்கிருந்து வருகிறது பார்: தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் கிராமங்களில் மின்சாரம் வந்ததும் பெண்களின் வேலைவாய்ப்பு கூடியது. விறகடுப்பு போய் மின் அடுப்பு வந்தது, கையில் நேரம் மிஞ்சியது, அவ்வளவுதான். கென்யாவில் கைபேசியிலேயே பணம் அனுப்பவும் சேமிக்கவும் உதவும் எம்-பெசா சேவை வந்த பிறகு சுமார் 1,85,000 பெண்கள் விவசாயத்தை விட்டுச் சிறுதொழிலுக்கு மாறினார்கள் என்று 2016-இல் ஓர் ஆய்வு சொன்னது. இரண்டு இடத்திலும் யாரும் பெண்களுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒன்றில் நேரம் கைக்கு வந்தது, இன்னொன்றில் காசு.

சம்பளம் சமமா என்பது தனிக்கதை. 1951-இலேயே அதே தொழிலாளர் அமைப்பில் சம ஊதிய உடன்படிக்கை போட்டாயிற்று, இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம், ஒரு வேலை செய். நேற்று முழுக்க எத்தனை நிமிடம் உட்கார்ந்தாள் என்று உன் மகளிடம் கேள். அதே கேள்வியை மருமகனிடமும் கேட்டு, இரண்டு பதிலையும் எனக்கு எழுது. இந்த முறை கட்டத்தைச் சரியாக நிரப்பப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி